கிரிப்டோவுக்கு லைசென்ஸ்: ஏலச்சீட்டுக்கு இருக்கும் காவல் இதற்கு ஏன் இல்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிரிப்டோ என்ற மெய்நிகர் நாணயத் தொழிலுக்குத் தமிழ்நாடு அரசே லைசென்ஸ் கொடுத்துவிட்டால் மோசடி ஒழிந்துவிடும் என்றொரு பேச்சு திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் பரவலாகக் கேட்கிறது. இன்னொரு பக்கம், "அண்ணாச்சி, நம்ம கம்பெனிக்கு துபாய் கவர்ன்மெண்டே லைசென்ஸ் குடுத்திருக்கு, ஒண்ணும் பயப்படாதீய" என்று சொல்லி ஏஜென்டுகள் பணம் வசூலிக்கிறார்கள். இரண்டு பேச்சிலும் கோளாறு ஒன்றுதான். லைசென்ஸ் என்ற சொல் காதில் விழுந்ததும், அதை யார் கொடுத்தார், எதற்காகக் கொடுத்தார், அதன் பின்னால் எவ்வளவு பணம் பிணையாக நிற்கிறது என்று யாரும் கேட்பதில்லை. வருமான வரிக் கணக்கும் சீட்டுக் கம்பெனிகளின் தணிக்கையும் பார்க்கிற தொழிலில் இருப்பதால், இந்த மூன்று கேள்விகளுக்கும் விடையைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்தருளவும்.

முதலில் அதிகாரம் யாரிடம் என்பது. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் நாணயம், செலாவணி, அந்நியச் செலாவணி எல்லாம் மத்தியப் பட்டியலின் 36-ஆவது பதிவு. வங்கித் தொழில் 45. பங்குச் சந்தை 48. ஆகவே 'தமிழ்நாடு கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் லைசென்ஸ்' என்று சென்னையில் சட்டம் போட்டால் அது நீதிமன்றத்தில் நிற்பது கடினம். மத்திய அரசாவது கொடுக்கிறதா என்றால், அதுவும் இல்லை. 2018 ஏப்ரல் 6-இல் ரிசர்வ் வங்கி, கிரிப்டோ நிறுவனங்களுக்கு வங்கிகள் சேவை தரக்கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. 2020 மார்ச் 4-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதன் பிறகு வந்தவை இரண்டு: 2022-இல் வரி, 2023 மார்ச் 7-இல் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஓர் அறிவிக்கை. அந்த அறிவிக்கையின்படி, காயினை வாங்கி விற்க உதவும் தளங்களான எக்ஸ்சேஞ்சுகள் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்ய வேண்டும், வாடிக்கையாளரின் கேஒய்சி எடுக்க வேண்டும், சந்தேகப் பரிவர்த்தனைகளைத் தெரிவிக்க வேண்டும், ஆவணங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

விளம்பரங்களில் 'இந்திய அரசு அங்கீகாரம்' என்று போடுவது இந்தப் பதிவைத்தான். இது கள்ளப்பணத்தைப் பிடிக்க வைத்த வலை. உங்கள் பணத்தைக் காக்க வைத்தது இல்லை. பதிவு பெற்ற நிறுவனம் குறைந்தபட்ச மூலதனம் வைத்திருக்க வேண்டும், உங்கள் காயினைத் தனியே பூட்டி வைக்க வேண்டும், திவாலானால் ஈடு தரவேண்டும் என்று இந்தப் பதிவு ஒரு வார்த்தை சொல்வதில்லை. பதிவு செய்யாத வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகள் ஒன்பதுக்கு 2023 டிசம்பரில் நோட்டீஸ் போனது. அடுத்த மாதமே அவற்றின் இணையதளங்கள் முடக்கப்பட்டன. பிறகு அவற்றில் ஒன்றான பைனான்ஸ் (Binance) 18.82 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டு, பதிவு செய்துகொண்டு திரும்பி வந்தது. கோடிக்கணக்கில் அபராதம் போடப் பல் இருக்கிறது. ஆனால் உங்கள் ஒரு லட்சத்தைத் திருப்பி வாங்கித் தர அந்தப் பல் பயன்படாது.

நிஜமான லைசென்ஸ் எப்படி இருக்கும் என்று பார்க்க நியூயார்க் மாநிலத்தைப் பார்க்கலாம். அமெரிக்காவில் பணம் அனுப்பும் தொழிலுக்கு உரிமம் கொடுப்பது பெரும்பாலும் மாநில அரசுகள். அந்த அதிகாரத்தை வைத்து நியூயார்க் நிதிச் சேவைத் துறை 2015 ஜூனில் கொண்டுவந்த விதிகளைத்தான் பிட்லைசென்ஸ் என்கிறார்கள். விண்ணப்பக் கட்டணம் 5,000 டாலர். அது சில்லறைக் காசு, செலவு எல்லாம் அதற்குப் பிறகுதான். நிறுவனத்தின் தலைமை அதிகாரிகள் மட்டுமல்லாமல், வாடிக்கையாளர் பணத்தைத் தொடக்கூடிய ஊழியர்களின் கைரேகை வரை கேட்கிறார்கள். மூலதனம் இவ்வளவு என்று ஒரே தொகை கிடையாது. அந்தந்த நிறுவனத்தின் வியாபார அளவைப் பார்த்துத் துறைத் தலைவர் நிர்ணயிப்பார். அதோடு டாலரில் ஒரு பிணைப் பத்திரமோ நம்பிக்கைப் பொறுப்பில் தனிக் கணக்கோ வைக்க வேண்டும்.

விதிகளின் நெஞ்சுப் பகுதி காவல் பற்றியது. வாடிக்கையாளருக்காகப் பத்து பிட்காயின் வைத்திருப்பதாகச் சொன்னால் பத்தும் பிட்காயினாகவே இருக்க வேண்டும். 'அதே மதிப்புக்கு வேறு காயின் இருக்கிறது' என்று சமாளிக்க முடியாது. அதை விற்கவோ, கடன் கொடுக்கவோ, அடமானம் வைக்கவோ வாடிக்கையாளரின் சொல் இல்லாமல் கூடாது. காலாண்டுக் கணக்கு 45 நாளுக்குள், தணிக்கை செய்த ஆண்டுக் கணக்கு 120 நாளுக்குள் துறைக்குப் போக வேண்டும். ஆவணங்கள் ஏழு ஆண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது அதிகாரிகள் நேரில் வந்து பார்ப்பார்கள். கணினி அமைப்பை உடைத்துப் பார்க்கும் சோதனை ஆண்டுக்கு ஒன்று, ஓட்டை தேடும் பரிசோதனை காலாண்டுக்கு ஒன்று. பொருள் வாங்க, விற்க மட்டும் கிரிப்டோவைப் பயன்படுத்தும் கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் இந்த லைசென்ஸ் தேவையில்லை. வெறும் மென்பொருள் எழுதுபவருக்கும் தேவையில்லை.

இதற்கு விலையும் உண்டு. விதி வந்த சில வாரங்களிலேயே கிராக்கன் உட்படப் பல நிறுவனங்கள் நியூயார்க் வாடிக்கையாளர்களே வேண்டாம் என்று கிளம்பிவிட்டன. முழுமையான விண்ணப்பத்துக்கு 90 நாளில் முடிவு என்று விதி சொன்னாலும், 'முழுமை' என்று துறை ஒப்புக்கொள்ளவே மாதக்கணக்கில் ஆனது. முதல் இரண்டு ஆண்டில் லைசென்ஸ் வாங்கியவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஹவாய் இன்னும் ஒரு படி மேலே போனது. வாடிக்கையாளர் வைத்திருக்கும் கிரிப்டோவுக்கு ஈடாக அதே அளவு ரொக்கத்தையும் நிறுவனம் தனியே வைத்திருக்க வேண்டும் என்றது. 2017-இல் காயின்பேஸ் அங்கிருந்து வெளியேறியது. 2020-இல் ஒரு சோதனைத் திட்டம் போட்டுப் பார்த்து, 2024 ஜூனோடு அதையும் முடித்து, மாநில லைசென்ஸே தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். ஒரே சொத்துக்கு இரண்டு முறை ஈடு கேட்டால் நியாயமாகத் தொழில் செய்பவன் ஓடுவான். ஒளிந்து செய்பவன் மட்டும் நிற்பான்.

கலிபோர்னியா வேறொரு முனையில் பிடித்தது. கிரிப்டோ ஏடிஎம் பெட்டியில் ஓர் ஆளிடமிருந்து ஒரு நாளைக்கு 1,000 டாலருக்கு மேல் வாங்கக்கூடாது என்ற வரம்பு 2024 தொடக்கத்திலேயே அங்கே வந்துவிட்டது. முழு லைசென்ஸ் முறை 2026 ஜூலைக்குத் தள்ளிப்போனது. வயதானவர்களைப் போனில் மிரட்டி அந்தப் பெட்டியில் பணம் போட வைக்கும் மோசடிதான் காரணம். எந்த இடத்தில் அடி விழுகிறதோ அந்த இடத்தில் முதலில் கட்டுப் போட்டார்கள். நம் ஊருக்கு உதவுகிற பாடம் இதுதான் என்று நினைக்கிறோம். அதைப் பிறகு சொல்கிறோம்.

கனடாவில் மாகாணங்களின் பங்குப் பத்திர ஆணையங்கள் பார்த்துக்கொள்கின்றன. அங்கே குவாட்ரிகா என்ற எக்ஸ்சேஞ்சின் நிறுவனர் 2018 டிசம்பரில் நம் ஜெய்ப்பூரில் இறந்துபோனார். வாடிக்கையாளர் காயின்களைத் திறக்கும் ரகசியச் சாவி அவரிடம் மட்டுமே இருந்தது என்று சொல்லி எக்ஸ்சேஞ்ச் கதவடைத்தது. ஒன்டாரியோ ஆணையம் 2020-இல் வெளியிட்ட அறிக்கை, சாவி தொலைந்த கதை பாதிதான் என்று காட்டியது. நிறுவனர் போலிக் கணக்குகள் தொடங்கி, இல்லாத பணத்தை இருப்பாகக் காட்டி, வாடிக்கையாளர் சொத்தோடு வியாபாரம் செய்து தோற்றிருந்தார். புதியவர் போட்ட பணத்தைப் பழையவருக்குக் கொடுத்து ஓட்டியிருக்கிறார். இழப்பு குறைந்தது 16.9 கோடி கனடிய டாலர். காவல் தனி, வியாபாரம் தனி என்று பிரிக்காத இடத்தில் இது எங்கும் நடக்கும்.

துபாய்க்கு வருவோம். நம் வட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருப்பதால் துபாய் என்ற பெயருக்குத் தனி மரியாதை. அங்கே 2022-ஆம் ஆண்டின் 4-ஆவது சட்டத்தின் கீழ் மெய்நிகர் சொத்து ஒழுங்குமுறை ஆணையம் அமைந்தது. வாரா என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். துபாய் எமிரேட் முழுவதும், சர்வதேச நிதி மையம் ஒன்றைத் தவிர, இதன் ஆளுகையில் வரும். அபுதாபி நிதி மையத்துக்கு அதன் சொந்த ஆணையத்தின் கிரிப்டோ விதிகள், 2018-இலிருந்தே. வாராவின் லைசென்ஸ் நிறுவனத்துக்கு மொத்தமாகக் கொடுப்பதில்லை, செயலுக்குச் செயல் தனி. ஆலோசனைக்கு ஒன்று, தரகுக்கு ஒன்று, காவலுக்கு ஒன்று, எக்ஸ்சேஞ்சுக்கு ஒன்று, கடனுக்கு ஒன்று. எக்ஸ்சேஞ்ச் நடத்த விண்ணப்பக் கட்டணம் ஒரு லட்சம் திர்ஹாம், ஆண்டுக் கண்காணிப்புக் கட்டணம் இரண்டு லட்சம் திர்ஹாம்.

ஏஜென்ட் காட்டும் காகிதம் பெரும்பாலும் இது கிடையாது. துபாயில் எந்தக் கம்பெனி தொடங்கினாலும் கிடைக்கும் வணிக உரிமம் அது. மளிகைக் கடைக்கும் அதே மாதிரிக் காகிதம்தான். இன்னும் சிலர் 'கொள்கை அளவிலான ஒப்புதல்' கடிதத்தைக் காட்டுவார்கள். அந்தக் கட்டத்தில் ஒரு வாடிக்கையாளரைக்கூடச் சேர்க்க அனுமதி கிடையாது. சரிபார்ப்பது சுலபம். வாராவின் இணையதளத்தில் பொதுப் பதிவேடு இருக்கிறது. அதில் விளம்பரப் பெயரைத் தேடாமல், ரசீதில் அல்லது ஒப்பந்தத்தில் உள்ள சட்டப்பூர்வப் பெயரை எழுத்துக்கு எழுத்து தேட வேண்டும். பெயர் இருந்தால் நிலை என்ன, எந்தச் செயலுக்கு உரிமம் என்று பார்க்க வேண்டும். ஆலோசனைக்கு மட்டும் உரிமம் வாங்கியவர் உங்கள் பணத்தைக் கையில் வாங்கினால் அதுவே தப்பு. இவ்வளவும் சரியாக இருந்தாலும் அது துபாய்க்கான உரிமம். வள்ளியூர் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு ரொக்கம் வசூலிக்க அது வழிவிடாது.

இதே ரகத்தில் அமெரிக்கக் காகிதம் ஒன்றும் சுற்றுகிறது. அங்கே பணச் சேவை நிறுவனங்கள் மத்திய நிதி அமைச்சகத்தின் கீழுள்ள ஃபின்சென் அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். படிவம் எண் 107, இணையத்தில் தாங்களே நிரப்பிக்கொள்வது, கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். பதிவேட்டில் பெயர் இருப்பதால் தாங்கள் அந்த நிறுவனத்தைப் பரிந்துரைப்பதாக அர்த்தமில்லை என்று அந்த அமைப்பே எழுதி வைத்திருக்கிறது. அந்தப் பக்கத்தைக் கழுகு முத்திரையோடு அச்சடித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினால் நம் ஆட்கள் பார்த்துவிட்டுப் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். லண்டனில் கம்பெனி பதிவு செய்த சான்றிதழுக்கும் இதே மதிப்புதான்.

சரி, இதையெல்லாம் தெரிந்துகொண்டு நேர்மையாக வாங்கி விற்பவர்களுக்கு என்ன கஷ்டம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வரிதான் முதல் அடி. 2022 ஏப்ரல் 1 முதல் லாபத்துக்கு 30 சதவீதம், அதன்மேல் 4 சதவீதக் கூடுதல் வரி. வாங்கிய விலை தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்க முடியாது. ஒரு காயினின் நஷ்டத்தை இன்னொரு காயினின் லாபத்தில் கழிக்க முடியாது, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. கணக்காகப் பார்த்தால் புரியும். ஒரு லட்சத்துக்கு வாங்கிய ஒரு காயினை 1,40,000-க்கு விற்கிறீர்கள். இன்னொரு லட்சத்துக்கு வாங்கிய வேறொரு காயின் சரிந்து 60,000-க்கு விற்கிறீர்கள். போட்டது இரண்டு லட்சம், வந்தது இரண்டு லட்சம், கையில் ஒரு ரூபாய் லாபமில்லை. ஆனாலும் முதல் காயினின் 40,000 லாபத்துக்கு வரி 12,000, கூடுதல் வரி 480, ஆக 12,480 ரூபாய் கட்ட வேண்டும். விற்பனைத் தொகை இரண்டு லட்சத்தில் ஒரு சதவீத டிடிஎஸ் 2,000 ஏற்கெனவே பிடித்திருப்பார்கள். மீதி 10,480 கைக்காசு. வேறு வருமானமே இல்லாத கல்லூரி மாணவனாக இருந்தாலும் அடிப்படை விலக்கு வரம்பை இதற்கு எதிராகக் காட்ட முடியாது. ரிட்டர்னில் மெய்நிகர் சொத்துக்கென்று தனி அட்டவணை இருக்கிறது. வாங்கிய தேதி, விற்ற தேதி, வாங்கிய விலை, விற்ற விலை என்று ஒவ்வொரு பரிவர்த்தனையாக நிரப்ப வேண்டும். எக்ஸ்சேஞ்சின் வரி அறிக்கையை ஆண்டு முடிந்த உடனே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. எக்ஸ்சேஞ்ச் மூடிவிட்டால் அறிக்கையும் அதோடு போய்விடும்.

இரண்டாவது அடி வங்கிக் கணக்கு முடக்கம். இளைஞர்கள் டாலர் மதிப்பை ஒட்டி நிற்கும் யுஎஸ்டிடி காயினை எக்ஸ்சேஞ்சில் விற்காமல் ஆளுக்கு ஆள் நேரடியாக விற்கிறார்கள். சந்தை விலையைவிட இரண்டு மூன்று ரூபாய் கூடக் கிடைக்கும். அந்தக் கூடுதல் ரூபாய் எங்கிருந்து வருகிறது என்று யோசிப்பதில்லை. வேறு மாநிலத்தில் யாரோ ஒருவரை ஏமாற்றிப் பறித்த பணத்தை, சூடு ஆறுவதற்குள் காயினாக மாற்ற அவசரப்படுபவன்தான் அந்த விலை கொடுக்கிறான். ஏமாந்தவர் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்ததும் பணம் போன வழியெல்லாம் வங்கிகள் தடை போட்டுக்கொண்டே வரும். பாளையங்கோட்டையில் இருக்கும் உங்கள் சேமிப்புக் கணக்கு அந்த வழியில் மூன்றாவதோ நான்காவதோ படி. காயின் போய்விட்டது, வந்த பணமும் முடங்கிவிட்டது.

முடங்கிய பிறகு வங்கி மேலாளரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. அவரிடமிருந்து புகாரின் ஒப்புகை எண், எந்த ஊர் சைபர் காவல் நிலையம், சர்ச்சைக்குரிய தொகை எவ்வளவு என்ற மூன்றையும் எழுத்தில் வாங்க வேண்டும். பிறகு அந்த விசாரணை அதிகாரிக்கு ஆர்டர் எண், தளத்தில் நடந்த உரையாடல், காயின் போன முகவரி, பரிவர்த்தனையின் அடையாளமான ஹேஷ் எண், உங்கள் வங்கி அறிக்கை ஆகியவற்றோடு கடிதம் எழுதி, கணக்கு முழுவதையும் முடக்காமல் சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வைக்கக் கேட்க வேண்டும். பலரும் மாட்டிக்கொள்வது, பேச்சை டெலிகிராமுக்கோ வாட்ஸ்அப்புக்கோ மாற்றி, பிறகு அழித்துவிடுவதால். தளத்தில் பதிவான பெயர் ஒன்று, பணம் வந்த கணக்கின் பெயர் வேறு என்றால் காயினை விடுவிக்கவே கூடாது. பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு ஆர்டரை ரத்து செய்வதே வழி. இன்னொன்று: இப்படி நேரடியாக வாங்குபவர்தான் ஒரு சதவீத டிடிஎஸ் பிடித்துக் கட்ட வேண்டும். தனிநபர் பெரும்பாலோருக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் தாண்டினால் இது பொருந்தும். மாதம் முடிந்து 30 நாளுக்குள் அதற்குரிய படிவத்தில் கட்ட வேண்டும். நம் பக்கம் இதைச் செய்கிறவர்களைப் பார்ப்பது அரிது.

இனி மாநில அரசிடம் கேட்பது. நாணயத்தில் கைவைக்க அதிகாரமில்லை என்றால் சும்மா இருக்க வேண்டியதில்லை. பொது அமைதி, வட்டித்தொழில், சங்கங்கள் பற்றிய பதிவுகள் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. முதலீட்டாளர் நலன் பாதுகாப்புக்காகத் தமிழ்நாடு 1997-இல் கொண்டுவந்த டான்பிட் சட்டம் இந்த அதிகாரத்தில் நிற்கிறது. 2011-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் 1997-இல் பணம் என்றால் ரூபாய்தான். அந்தச் சட்டம் வைப்புத்தொகை என்று சொல்வது பணத்தைப் பெறுவதை. இன்றைக்கு ஏஜென்ட் கெட்டிக்காரன். ரூபாயாக வாங்கினால் வழக்கு வரும் என்று தெரிந்து, "நீங்களே யுஎஸ்டிடி வாங்கி இந்த வாலட்டுக்கு அனுப்பிருங்க" என்கிறான். வாலட் என்பது காயினை வைக்கும் டிஜிட்டல் பணப்பை. பிறகு, நான் பணமே வாங்கவில்லை என்று வாதிட அவனுக்கு இடம் கிடைக்கிறது.

இந்த ஓட்டையை அடைக்க இப்போது ஒரு பிடிமானமும் கிடைத்திருக்கிறது. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், கிரிப்டோ செலாவணி ஆகாது, ஆனாலும் அது சொத்து, ஒருவர் உடைமையாக வைத்து அனுபவிக்கக் கூடியது, இன்னொருவருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கக் கூடியது என்று சொல்லியிருக்கிறது. ஓர் எக்ஸ்சேஞ்சில் நடந்த திருட்டுக்குப் பிறகு முடக்கப்பட்ட காயின்கள் தொடர்பான வழக்கு அது. இந்தத் தீர்ப்பை வைத்து டான்பிட் சட்டத்தில் 'பணம்' என்ற சொல்லோடு 'மெய்நிகர் டிஜிட்டல் சொத்து' என்று சேர்த்தால் பாதி வேலை முடியும்.

மீதி பாதிக்கு முன்மாதிரி தேடி நியூயார்க் போக வேண்டியதில்லை. நம் ஏலச்சீட்டைப் பாருங்கள். 1982-ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டப்படி முன் அனுமதி இல்லாமல் ஒரு சீட்டைத் தொடங்க முடியாது. பத்து லட்ச ரூபாய்ச் சீட்டு என்றால் பத்து லட்சத்தை வங்கியில் பதிவாளர் பெயரில் பிணையாகப் போட வேண்டும். அரசுப் பத்திரமாகக் கொடுத்தால் ஒன்றரை மடங்கு. நடத்துபவரின் கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. குறைந்தது இரண்டு சந்தாதாரர் இல்லாமல் ஏலம் விடக்கூடாது. ஒவ்வொரு ஏலத்தின் நடவடிக்கைக் குறிப்பும் 21 நாளுக்குள் பதிவாளரிடம் போக வேண்டும். முன் அனுமதி, முழு ஈடு, அவ்வப்போது கணக்கு. பிட்லைசென்ஸ் 2015-இல் எழுதியதன் சாரம் இதில் ஏற்கெனவே இருக்கிறது. அடகுக்கடைக்காரர்கூடத் தாசில்தாரிடம் உரிமம் வாங்கித்தான் கடை திறக்கிறார். ஆனால் 'கிரிப்டோ முதலீட்டு ஆலோசனை மையம்' என்று பேனர் கட்டி மாடியில் மூன்று நாற்காலி போடுகிறவரை யாரும் எதுவும் கேட்பதில்லை.

எக்ஸ்சேஞ்சை விட்டுவிடுங்கள், அது டெல்லியின் வேலை. எங்களுக்கு அடி விழும் இடம் அந்த மாடி. மெய்நிகர் சொத்தின் பெயரில் இந்த மாவட்டத்து மக்களிடம் பணமோ காயினோ வசூலிக்கும் எந்த ஏஜென்டும் மாவட்டத்தில் பெயர், முகவரி, எந்த நிறுவனத்துக்காக வசூலிக்கிறார், அந்த நிறுவனத்தின் நிதிப் புலனாய்வுப் பிரிவுப் பதிவு எண் ஆகியவற்றைக் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். வசூலிக்கும் தொகைக்கு ஏற்ற பிணையை வங்கியில் வைக்க வேண்டும். ரசீதில் சட்டப்பூர்வப் பெயரும் காயின் போகும் வாலட் முகவரியும் இருக்க வேண்டும். மாதம் இவ்வளவு கிடைக்கும் என்று உறுதி சொல்வதையே குற்றமாக்க வேண்டும். நிறைய பேர் பதிவுக்கு வரமாட்டார்கள் என்பது தெரியும். வராததே குற்றம் என்றாகிவிட்டால், ஆயிரம் பேர் ஏமாந்து தெருவுக்கு வரும்வரை காத்திராமல் முதல் கூட்டத்திலேயே போலீஸ் உள்ளே போகலாம். இன்றைக்கு நடைமுறையில் 'இன்னும் யாரும் ஏமாறவில்லையே' என்று காத்திருக்கும் நிலைதான் தெரிகிறது.

கடைசியாக ஒரு நுட்பமான விஷயம், பொருளாதாரக் குற்றப்பிரிவின் கவனத்துக்கு. நிலமும் நகையும் முடக்குவது போலக் காயினை முடக்க முடியாது. குற்றவாளியின் போனைக் கைப்பற்றிச் சீல் வைத்தால் போதும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். வாலட்டின் உயிர் போனில் இல்லை. 12 அல்லது 24 சொற்கள் கொண்ட மீட்புத் தொடரில் இருக்கிறது. அது மைத்துனனிடம் ஒரு காகிதத்தில் இருந்தால், மகஜர் எழுதி முடிப்பதற்குள் அவன் வேறு ஊரிலிருந்து எல்லாக் காயினையும் நகர்த்திவிடுவான். ஆகவே கைப்பற்றிய இடத்திலேயே, சாட்சிகள் முன்னிலையில், அரசின் வாலட்டுக்குக் காயினை மாற்றி, அந்தப் பரிவர்த்தனையின் ஹேஷ் எண்ணை மகஜரில் எழுத வேண்டும். அரசின் வாலட் ஒரே அதிகாரியின் கையில் இருக்கக்கூடாது. மூவரில் இருவர் ஒப்புதல் இருந்தால்தான் நகரும்படி அமைக்கும் வசதி உண்டு. மாவட்ட வருவாய் அலுவலர், காவல்துறை, கருவூலம் என்று மூன்று சாவியைப் பிரித்துக் கொடுக்கலாம். யுஎஸ்டிடி என்றால் அதை வெளியிடும் டெதர் நிறுவனத்தால் ஒரு முகவரியை முடக்க முடியும். அந்தக் கடிதம் முதல் நாளே போக வேண்டும். பிட்காயினுக்கு அப்படிக் கேட்க ஆளே கிடையாது, முந்துபவன் கைக்குத்தான்.

கிரிப்டோவுக்கு அடித்தளமான பிளாக்செயின் நுட்பத்துக்கென்று ஒரு கொள்கையை 2020-லேயே வெளியிட்டு, 'நம்பிக்கை இணையம்' என்று அழகான தமிழ்ப் பெயர் வைத்து அரசு ஆவணங்களுக்கு அந்த நுட்பத்தைக் கொண்டுவந்த மாநிலம் இது. அதே நுட்பம் தெரிந்தவர்கள் நான்கு பேரை மதுரை டான்பிட் நீதிமன்றத்துக்கும், கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் மனு வாங்கும் அதிகாரிகளுக்கும் கைகொடுக்க அனுப்பினால் போதும். 'வாலட் முகவரி' என்று எழுதிய மனுவை வாங்கி, வீட்டு முகவரி எங்கே என்று கேட்காமலாவது இருப்பார்கள்.

இப்படிக்கு,
வரி ஆலோசகர்கள், தணிக்கையாளர்கள் சிலர்
பாளையங்கோட்டை